கண்ணுக்குச் சொட்டு மருந்து: மருந்துச் சீட்டு கைக்கு வந்தது முதல் கடைசி பாட்டிலைத் தூக்கிப் போடும் வரை

போன பிசான அறுவடையில் அப்பாவின் வலது கண்ணில் நெல் சுணை அடித்துவிட்டது. எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். அன்றைக்குத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். மறுநாள் கண் சிவந்தது. பக்கத்து ஊர் மருந்துக் கடையில் "சிவப்புக்கு நல்லா கேக்கும்" என்று ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் சிவப்பு குறைந்த மாதிரி இருந்தது. நான்காம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, பூஞ்சைக் கிருமியால் வந்த கருவிழிப் புண் என்றார்கள். கடையில் கொடுத்த பாட்டிலில், சிவப்பைக் குறைத்தாலும் பூஞ்சையை வளர்த்துவிடும் ஸ்டீராய்டு இருந்ததும் அங்கேதான் தெரிந்தது.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. டாக்டர் பார்த்த நேரத்தை எல்லாம் கூட்டினால் இரண்டு மணி நேரம் தேறாது. மீதி அத்தனையும் வீட்டில் நாங்கள் விட்ட சொட்டுதான். அதை ஒழுங்காக விட எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. என்னென்ன தப்பு செய்தோம், எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து அப்பா அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வருகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

1. கிளம்பும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

ஆதார் அட்டை, பழைய சீட்டு ஏதாவது இருந்தால் அது, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், அதுவரை கண்ணில் விட்ட எல்லா மருந்தின் பாட்டில்களும். கடைசியில் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டில் கொடுத்தது, பச்சிலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதை விட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். எங்கள் ஊரில் கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் எடுக்கிற ஆச்சி ஒருத்தர் இருக்கிறார். அப்பா அவரிடமும் போயிருக்கிறார். மூன்றாவது முறை கேட்டபோதுதான் அதைச் சொன்னார்.

ஆஸ்துமா, இளைப்பு, இதய நோய், சர்க்கரை இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கண்ணில் விடுவதற்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. சொட்டு அதன் வழியே இறங்கி ரத்தத்தில் கலக்கும். கண் அழுத்த நோய்க்குத் தரும் டிமோலால் மாதிரி மருந்து ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்ட வைக்கும், நாடித் துடிப்பையும் குறைக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்குக் கேட்டுப் பார்க்கலாம். வெளியிலிருந்து வந்து வாங்கிப் போகும் சொட்டு மருந்துக்கு அதை நம்பி வெறும் கையோடு போகாதீர்கள்.

எங்கே போவது? திருநெல்வேலி ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. ஜங்ஷன் பக்கம் சுவாமி நெல்லையப்பர் சாலையில் அரவிந்த் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு. எதுவானாலும் காலையிலேயே போய்ச் சேருங்கள். கருவிழிப் புண் என்றால் கண்ணுக்கு மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அது அன்றைக்கே தெரிந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு நாட்கணக்கில் ஆகும். மத்தியானம் போனால் முதல் பரிசோதனையே மறுநாளைக்குத் தள்ளிப் போகலாம். மறுபடி ஒரு பஸ், மறுபடி ஒரு நாள் கூலி.

2. சீட்டை அங்கேயே படித்துப் புரிந்துகொள்ளுங்கள்

கவுன்ட்டரை விட்டு நகரும் முன் ஒவ்வொரு மருந்துக்கும் நான்கு கேள்வி கேளுங்கள். எந்தக் கண்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எத்தனை நாள்? குலுக்க வேண்டுமா, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா?

சீட்டில் ஆர்.ஈ. என்றால் வலது கண், எல்.ஈ. என்றால் இடது, பி.ஈ. என்றால் இரண்டும். பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று, கியூ.ஐ.டி. நான்கு. ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. ஓ.டி. என்ற எழுத்தில் மட்டும் உஷாராக இருங்கள். பொதுவாக நம்மூர்ச் சீட்டில் அதற்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று அர்த்தம். கண் மருத்துவத்தில் அதே எழுத்து வலது கண்ணையும் குறிக்கும். சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேட்டதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்தின் பெயரை எழுத வராவிட்டால் "நீல மூடி, வலது கண், மணிக்கு ஒன்று" என்றாவது எழுதுங்கள். ஆனால் மூடியின் நிறத்தை மட்டும் நம்பி அடுத்த பாட்டில் வாங்கக் கூடாது. கம்பெனி மாறினால் நிறமும் மாறும். எங்களுக்கு இரண்டாவது பாட்டிலே வேறு நிறத்தில்தான் வந்தது.

3. வாங்கும்போது கணக்குப் போடுங்கள்

ஒரு மில்லியில் சுமார் 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால் 5 மில்லி பாட்டிலில் 100 சொட்டு. அப்பாவுக்குப் பூஞ்சைக்கு நேட்டமைசின் சொட்டு, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை. காலை 5 முதல் இரவு 10 வரை என்றால் 18 சொட்டு, ராத்திரி எழுப்பி விடும் இரண்டையும் சேர்த்தால் 20. கணக்குப்படி ஐந்து நாள் வர வேண்டும். கன்னத்தில் வழிந்தது, இமையில் விழுந்தது எல்லாம் போக எங்களுக்கு நான்கு நாள்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 8 மணிக்கு பாட்டில் காலி. நேட்டமைசின் எல்லாக் கடையிலும் இருக்காது. கல்லிடைக்குறிச்சி, அம்பை (அம்பாசமுத்திரம்), வீரவநல்லூர் என்று தம்பி பைக்கில் அலைந்து பத்தரைக்குத்தான் ஒன்று கிடைத்தது.

அதனால், மணிக்கு ஒருமுறை விட வேண்டிய மருந்து என்றால் முதல் நாளே இரண்டு பாட்டில் வாங்குங்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் ஒன்று போதும், மூன்று வாரத்துக்கு வரும்.

விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற இடங்களில் கேட்டால் சில சொட்டுகள் மலிவாகக் கிடைக்கும். அரசு மருத்துவமனையில் இருப்பில் உள்ளது இலவசம், இல்லாததை வெளியே எழுதித் தருவார்கள். எங்களுக்கு முதல் இரண்டு வாரம் மருந்து, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து நான்காயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அதில் பாதி வழிச் செலவுதான்.

கடையில் பாட்டிலைக் கையில் வாங்கியதும் மூன்று பாருங்கள்: காலாவதி தேதி, சீல் உடையாமல் இருக்கிறதா, "கண்ணுக்கு" என்று போட்டிருக்கிறதா. காதுக்கு விடும் சொட்டும் அதே அளவு பாட்டிலில், அதே மாதிரி மூடியோடு வரும். வீட்டில் காது மருந்து இருந்தால் இன்றைக்கே வேறு அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.

சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கும் கண் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், ஃப்ளோரோமெத்தலோன் என்ற பெயர்களில் ஒன்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதித் தந்தால் நல்ல மருந்து. ஆபரேஷனுக்குப் பின் அதுதான் வீக்கத்தைக் குறைக்கிறது. தானாக வாங்கி விட்டால் சிவப்பை மறைத்துவிட்டு உள்ளே பூஞ்சைக்குத் தீனி போடும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தத்தையும் ஏற்றும். இலை, சுணை, குச்சி, பதர் கண்ணில் பட்ட பிறகு இந்த வகையைத் தொடவே கூடாது.

4. ஆஸ்பத்திரியில் கலந்து தரும் மருந்து

இது பலருக்குப் புதிதாக இருக்கும், எங்களுக்கும் அப்படித்தான். பூஞ்சையோடு பாக்டீரியாவும் இருக்கலாம் என்று, வளர்ப்புப் பரிசோதனை வரும் வரைக்கும் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்கையும் எழுதினார்கள். கண்ணுக்கு வேண்டிய வீரியத்தில் அது கடையில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஊசிக்கு வைத்திருக்கும் பொடிக் குப்பியில் கிருமியில்லாத தண்ணீரை ஏற்றிக் கரைத்து, சுத்தமான காலி சொட்டுப் பாட்டிலில் நிரப்பித் தருகிறார்கள். 500 மில்லிகிராம் பொடியை 10 மில்லியில் கரைத்தால் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம். அதைத்தான் 5 சதவீதம் என்கிறார்கள்.

"ஊசிக் குப்பியும் தண்ணியும் கடையில கிடைக்குமே, நாமளே கலந்துக்கிட்டா என்ன?" என்று தம்பி கேட்டான். வேண்டாம். அவர்கள் காற்றை வடிகட்டும் பெட்டிக்குள் கை விட்டு, கையுறை போட்டுக் கலக்கிறார்கள். நம் அடுக்களை மேடையில் கலந்தால் புண்ணுக்குள் புதுக் கிருமியை நாமே சொட்டுவிடுகிறோம். அளவு தப்பினால் கருவிழி வேறு வெந்துபோகும்.

இந்தப் பாட்டிலின் ஆயுள் குறைவு. நாட்கணக்கில்தான். லேபிளில் கலந்த தேதியும் எந்த நாள் வரை என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே எழுதி வாங்குங்கள். தீர்ந்தால் மறுபடி கலக்க யாரிடம், எத்தனை மணிக்குள் வர வேண்டும், நோயாளியும் கூட வர வேண்டுமா, சீட்டு மட்டும் போதுமா என்று கேளுங்கள். நான் இதைக் கேட்காமல் வந்து, அப்பாவையும் தேவையில்லாமல் இழுத்துக்கொண்டு ஒரு நாள் போனேன். சீட்டு போதுமாம்.

கடையில் கிடைக்கும் சில சொட்டு மருந்துகளிலும் பொடியோ மாத்திரையோ தனியாக, கரைசல் தனியாக வரும். அதை வீட்டில் கலக்கலாம். கரைசல் முழுவதையும் ஊற்றி, கட்டியில்லாமல் கரையும் வரை குலுக்கி, கலந்த தேதியை எழுதிவைத்தால் சரி.

5. குளிர்ச்சி கெடாமல் வீட்டுக்குக் கொண்டு வருவது

கலந்து தந்த மருந்து ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். கண் அழுத்தத்துக்கான லேட்டனோப்ரோஸ்ட் சொட்டையும் திறக்கும் வரை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். பங்குனி வெயிலில் ஜங்ஷனிலிருந்து அம்பைக்கு பஸ்ஸில் வர ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். சட்டைப் பையில் போட்டால் அவித்து எடுத்த மாதிரிதான். வாய் அகலமான ஃபிளாஸ்க்கில் ஐஸ் கட்டிகளை ஒரு பாலித்தீன் பையில் கட்டிப் போட்டு, அதன் மேல் ஒரு துணி மடித்து வைத்து, பாட்டிலை வேறு ஒரு பையில் சுற்றி வையுங்கள். ஐஸ் மேலேயே பாட்டில் படக் கூடாது.

நான் செய்த முட்டாள்தனம்: வீட்டுக்கு வந்ததும் "நல்லா குளிரட்டும்" என்று மேல் தட்டில், ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உள்ளே பாதி கட்டி. அதை உருக வைத்து விடலாமா என்று போன் போட்டுக் கேட்டேன். வேண்டாம், புதிதாக வாங்குங்கள் என்றார்கள். கீழ்த்தட்டில் நடுவில் வையுங்கள். கதவில் வைத்தால் பிள்ளைகள் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஒரு மூடி போட்ட டப்பாவில் தனியாக இருக்கட்டும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு என்றால் வெட்கப்படாமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். கரண்ட் நின்றால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே சில மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி இந்த மருந்துக்குப் போதாது.

மற்ற சாதாரணச் சொட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஜன்னல் வெயில், டி.வி. மேல், பைக் டேங்க் பை ஆகிய மூன்று இடமும் தவிர்த்து எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்.

6. புதுப் பாட்டிலைத் திறப்பது

நம்மூர்ப் பாட்டில் பலவற்றில் நுனியில் துளை இருக்காது. மூடியின் உள்ளே ஒரு கூர் இருக்கும். மூடியைக் கடைசி வரை இறுக்கித் திருகினால் அதுவே துளை போடும். ஊக்கு, தையல் ஊசி, குண்டூசி எதையும் எடுக்காதீர்கள். எங்கள் அம்மா ஊக்கைத் தீயில் காட்டிக் குத்தினாள். துளை பெரிதாகி, ஒரு சொட்டுக்கு இரண்டு சொட்டாகக் கொட்டி, அந்தப் பாட்டில் இரண்டரை நாளில் தீர்ந்தது.

திறந்த அன்றைய தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். திறந்து ஒரு மாதம் ஆனால், மருந்து மீதி இருந்தாலும், அட்டையில் காலாவதிக்கு இரண்டு வருஷம் இருந்தாலும், தூக்கிப் போட வேண்டியதுதான். அட்டையில் இருப்பது மூடிய பாட்டிலின் தேதி.

7. சொட்டு விடும் முறை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காசு, அலைச்சல் எல்லாம் வந்து சேருவது இந்த ஒரு நிமிஷத்தில்தான்.

கையை சோப்பு போட்டுக் கழுவி, துடைத்துக் காய வையுங்கள். பெயரையும் எந்தக் கண் என்பதையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நேட்டமைசின், ப்ரெட்னிசோலோன் அசிட்டேட் போன்றவை பால் போலக் கலங்கலாக இருக்கும். மருந்து அடியில் படிந்துவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்க வேண்டும். முதல் மூன்று நாள் நாங்கள் குலுக்கவே இல்லை. மேலே தெளிந்து நின்ற தண்ணீரைத்தான் அப்பா கண்ணில் விட்டுக்கொண்டிருந்தோம்.

நோயாளியைத் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். உட்கார்ந்துதான் விட வேண்டும் என்றால் தலையை நன்றாகப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். "அப்பா, மேல பாருங்க. ஃபேனைப் பாருங்க." இடது கை ஆள்காட்டி விரலால் கீழ் இமையை மெதுவாகக் கீழே இழுங்கள். இமைக்கும் கண்ணுக்கும் நடுவே சின்னப் பை மாதிரி ஒரு பள்ளம் தெரியும். பாட்டிலை விரற்கடை உயரத்தில் பிடித்து, அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு. கருவிழியின் மேலேயே விட்டால் சுருக்கென்று இருக்கும், அடுத்த தடவை கண்ணைத் திறக்கவே மாட்டார்.

பாட்டில் நுனி இமையிலோ ரோமத்திலோ விரலிலோ படக் கூடாது. பட்டால் கிருமி பாட்டிலுக்குள் ஏறிவிடும்.

ஒரு சொட்டு போதும். இரண்டாவது சொட்டுக்குக் கண்ணில் இடமே இல்லை. முதல் சொட்டிலேயே கொஞ்சம் வழியத்தான் செய்யும். சரியாக உள்ளே விழவில்லை என்று தெரிந்தால் மட்டும் இன்னொன்று விடுங்கள்.

விட்டதும் கண்ணை மெதுவாக மூடச் சொல்லுங்கள். இறுக்கி மூடினாலும், படபடவென்று சிமிட்டினாலும் மருந்து வெளியே போய்விடும். மூக்கை ஒட்டி இருக்கும் கண்ணின் மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிஷம் லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து மூக்குக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். தொண்டையில் கசக்கிறது என்று அப்பா தினமும் புலம்புவார். அழுத்த ஆரம்பித்த பிறகு புலம்பல் நின்றது.

வழிந்ததைச் சுத்தமான பஞ்சாலோ டிஷ்யூவாலோ கன்னத்தில் மட்டும் ஒற்றியெடுங்கள். வேட்டி நுனி, முந்தானை, தோள் துண்டு வேண்டாம். நேட்டமைசின் காய்ந்து இமையோரம் வெள்ளையாகப் பொருக்கு கட்டும். அது சீழ் அல்ல, பயப்படாதீர்கள். ஆறவைத்த வெந்நீரில் நனைத்த பஞ்சால் வெளியே இருப்பதை மட்டும் துடையுங்கள்.

கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிற குழந்தையா? மல்லாக்கப் படுக்க வைத்து, மூடிய கண்ணின் உள்மூலையில் ஒரு சொட்டை விட்டுவிட்டுக் காத்திருங்கள். கண்ணைத் திறந்ததும் தானாக உள்ளே ஓடிவிடும். எண்பது வயது ஆச்சிமாருக்கும் இது உதவும்.

முடிந்ததும் மறுபடி கையைக் கழுவுங்கள். கண்மணியை விரிய வைக்கும் ஹோமாட்ரோபின் சொட்டை விட்டுவிட்டு, கை கழுவாமல் தம்பி தன் கண்ணைக் கசக்கிவிட்டான். அன்றைக்கு முழுவதும் ஒரு கண் கூசிக்கொண்டு, போனில் எழுத்து தெரியாமல் திரிந்தான்.

8. இரண்டு மூன்று மருந்து இருந்தால்

ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது ஐந்து நிமிஷம் விடுங்கள். உடனே விட்டால் இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். நாங்கள் அவசரத்தில் மூன்றையும் வரிசையாக விட்டோம். "கண்ணு குளமா கெடக்குய்யா" என்றார் அப்பா. குளத்தில் எந்த மருந்து நின்றதோ.

களிம்பு இருந்தால் அது கடைசியில். களிம்பின் மேல் தண்ணீர் மருந்து ஒட்டாது. கீழ் இமையின் பள்ளத்தில் ஒரு நெல்மணி நீளத்துக்கு இழுத்துவிட்டால் போதும். அரை மணி நேரம் பார்வை மங்கும், அதனால் படுக்கப் போகும்போது போடுவது நல்லது.

எங்களுக்கு ஒத்து வந்த அட்டவணை இது. நேட்டமைசின் ஒவ்வொரு மணிக்கும் சரியாக 00-க்கு. கலந்து தந்த செஃபசோலின் ஒவ்வொரு மணியிலும் 30-க்கு. ஹோமாட்ரோபின் காலை 7:15, மத்தியானம் 2:15, இரவு 9:15. ராத்திரி 1 மணிக்கும் 3 மணிக்கும் நேட்டமைசின் மட்டும் எழுப்பி விடச் சொல்லியிருந்தார்கள். 1 மணி என் முறை, 3 மணி அம்மா முறை. போனில் அலாரம் வைத்தோம். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, விட்டவர் தன் முதலெழுத்தைப் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அது இல்லாதபோது, நான் விட்டேன் என்று அம்மாவும் அம்மா விட்டாள் என்று நானும் நினைத்து இரண்டு மணி நேரம் ஒன்றும் விடாமல் போனது உண்டு.

ஒரு தடவை தவறிவிட்டால் ஞாபகம் வந்ததும் ஒரு சொட்டு விடுங்கள். ஈடுகட்ட இரண்டாக விட வேண்டாம்.

9. படிப்படியாகக் குறைக்கும் மருந்து

கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஸ்டீராய்டு சொட்டை முதல் வாரம் ஒரு நாளைக்கு 6 தடவை, அடுத்த வாரம் 5, அப்புறம் 4 என்று இறக்கிக்கொண்டே வந்து ஆறாவது வாரம் 1 என்று எழுதுவது வழக்கம். உங்கள் சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. கண் தெளிவாகிவிட்டது என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். அடங்கியிருந்த வீக்கம் திரும்ப வரும். "நல்லாத்தானே இருக்கு" என்று மூன்று மாதம் விடுகிறவர்களும் உண்டு, அவர்களுக்குக் கண் அழுத்தம் ஏறும். காலண்டரில் ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் அந்த எண்ணை வட்டமிட்டு எழுதிவிடுங்கள்.

10. எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்

வலி கூடினால், பார்வை முந்தின நாளைவிடக் குறைந்தால், மஞ்சளாகச் சீழ் வந்தால், வெளிச்சம் பார்க்கவே முடியாமல் கூசினால், கருவிழியின் வெள்ளைப் புள்ளி பெரிதானால், அன்றைக்கே போங்கள். மறு பரிசோதனைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். ஆபரேஷன் செய்த கண்ணில் வலியும் பார்வைக் குறைவும் சேர்ந்து வந்தால் மணிக்கணக்கு முக்கியம். ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

மருந்து விட்டதும் இமை தடித்து, அரித்து, தோல் உரிந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

லேசான எரிச்சல், கொஞ்ச நேரம் மங்கல், வாயில் கசப்பு இதெல்லாம் சாதாரணம். கண்மணி விரியும் சொட்டு விட்டிருந்தால் பைக் ஓட்டக் கூடாது, வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடலாம்.

11. மறு பரிசோதனைக்குப் போகும் நாள்

சீட்டு, பாட்டில்கள், கட்டம் போட்ட தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள். எங்கள் தாளை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் காலியா இருக்கே" என்று கேட்டார். அன்றைக்கு அப்பா யாருக்கும் சொல்லாமல் வயலைப் பார்க்கப் போயிருந்தார். மாட்டிக்கொண்டார்.

காலையில் வழக்கம்போல மருந்து விட்டுவிட்டுக் கிளம்புங்கள். பஸ்ஸிலும் மணிக்கு ஒன்று விட வேண்டும். பஸ் ஓடும்போது முயற்சி செய்யாதீர்கள், நுனி கண்ணில் குத்திவிடும். சேரன்மகாதேவியில் நிற்கும் நேரம் ஒரு சொட்டு விடப் போதும். செங்கோட்டை பாசஞ்சர் ரயிலில் போனால் இது இன்னும் சுலபம், கீழ் சீட்டில் சாய்ந்துகொள்ளலாம், கட்டணமும் குறைவு. ரயில் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

12. மிச்ச மருந்து

புண் ஆறிவிட்டது என்று சொன்ன அன்று எங்களிடம் இரண்டு பாட்டில் மிச்சம் இருந்தது. ஒன்று பாதி, ஒன்று முக்கால். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று அம்மா ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்தாள். மறு வாரமே தெருவில் ஒரு அண்ணாச்சி, "கண்ணுல தூசி விழுந்துட்டு, உங்க வீட்டுல நல்ல மருந்து இருக்காமே" என்று வந்து நின்றார். இல்லை அண்ணாச்சி என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே இரண்டு மூடியையும் திறந்து, பழைய பஞ்சில் கொட்டி, பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு, எந்தக் கவுன்ட்டரில் சீட்டுப் போட வேண்டும், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.